செவ்வாய்க்காரர்களை ரேடியோவில் இறக்கிய 23 வயசு இளைஞன்!

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. ரேடியோவில் பாட்டு கேட்டுக்கிட்டிருக்கீங்க. திடீர்னு பாட்டு நின்னு செய்தி வருது: செவ்வாய் கிரகத்தில் வெடிப்புகள். மறுபடி பாட்டு. அடுத்த செய்தி: நியூஜெர்சியில் ஒரு பண்ணை நிலத்தில் ஏதோ வந்து விழுந்திருக்கு. அங்கிருந்து பேசுற நிருபரின் குரல் பாதியில் அறுந்துபோகுது. அப்புறம் சில விநாடிகள் வெறும் நிசப்தம். என்ன பண்ணுவீங்க?

1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் சி.பி.எஸ் வானொலியில் இதை நடத்திக் காட்டியவர் ஆர்சன் வெல்ஸ். அப்போது அவருக்கு வயசு 23.

விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர். 9 வயசில் அம்மாவையும் 15 வயசில் அப்பாவையும் இழந்தார். 16 வயசில் அயர்லாந்து போய், தான் ஒரு பிராட்வே நடிகர் என்று கூசாமல் அளந்துவிட்டு, டப்ளின் நாடகக் குழுவில் வேடம் வாங்கினார். ஆளைப் பாருங்க!

அன்றைய நாடகம், ஹெச்.ஜி.வெல்ஸ் 1898-ல் வெளியிட்ட நாவலைத் தழுவியது. நிருபராக நடித்தவர், முந்தைய ஆண்டு ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்தபோது பதிவான வர்ணனையைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தயாராகியிருந்தார். இது நாடகம் என்று ஆரம்பத்திலேயே அறிவித்தார்கள். ஆனால், நடுவில் வந்து கேட்டவர்களுக்கு அது எப்படித் தெரியும்? ஒரு மாசம் முன்புதான் ஐரோப்பாவில் போர் மூளும் பதற்றம். நிகழ்ச்சிகளை நிறுத்தி அவசரச் செய்தி சொல்வது பழகியிருந்தது. சிலர் ஜெர்மானியர்களே தாக்குவதாக நினைத்தார்கள். போலீஸுக்கும் பத்திரிகை ஆபீஸ்களுக்கும் போன் பறந்தது.

மறுநாள் காலை, தேசமே தெருவுக்கு ஓடிவந்ததுபோல பத்திரிகைகள் எழுதின. உண்மையில் அந்த நேரத்தில் பெரும்பாலானோர் வேறு ஸ்டேஷனில் பேசும் பொம்மை காமெடி கேட்டுக்கிட்டிருந்தாங்க! விளம்பரங்களைப் பறித்துக்கொண்டிருந்த ரேடியோ மேல் பத்திரிகைகளுக்குக் கடுப்பு. அதனால் ஊதிப் பெருக்கினார்கள் என்கிறார்கள் பிற்கால ஆய்வாளர்கள். வதந்தியைப் பற்றியே ஒரு வதந்தி.

ஷேவ்கூட செய்யாத முகத்தோடு நிருபர்கள் முன்னால் நின்று மன்னிப்பு கேட்டார் ஆர்சன். தொழிலே முடிஞ்சிருக்க வேண்டிய காலை அது. நடந்ததோ தலைகீழ். நிகழ்ச்சிக்கு விளம்பரதாரர் கிடைத்தார். அடுத்த வருஷமே முழுச் சுதந்திரத்தோடு ஹாலிவுட் ஒப்பந்தம். 1941-ல் 'சிட்டிசன் கேன்', திரைக்கதைக்கு ஆஸ்கர்.

ஆனால் அடுத்த படத்தையே, அவர் பிரேசிலில் இருந்தபோது ஸ்டூடியோ வெட்டி, முடிவையும் மாற்றியது. அந்தப் பழைய சுதந்திரம் ஹாலிவுட்டில் திரும்பக் கிடைக்கவே இல்லை. தன் படங்களுக்குக் காசு சேர்க்க அடுத்தவர் படங்களில் நடித்தார். 1985-ல், 70 வயசில் இறந்தார்.

மன்னிப்பு கேட்ட அன்று, இப்படி ஆகும்னு எதிர்பார்க்கவே இல்லை என்றவர், பிற்காலப் பேட்டிகளில் எல்லாமே திட்டம்போட்டுச் செய்ததுதான் என்று கதையை மாற்றினார். டப்ளினில் அளந்துவிட்ட அதே பையன்தானே!