காதலர் தின வாழ்த்து அட்டையைப் பெரிய தொழிலாக்கிய பெண்: யார் இந்த எஸ்தர் ஹௌலண்ட்?

லேஸ் பேப்பர், பூ வடிவத்தில் வெட்டிய படங்கள், கொஞ்சம் பசை, ஒரு கத்தரிக்கோல். வாழ்த்து அட்டை செய்யும் க்ராஃப்ட் வீடியோக்களை மொபைலில் பார்ப்பவர்களுக்கு இந்தப் பொருட்கள் நன்றாகவே தெரியும். கீழே ஒரு கலர் பேப்பர், அதுக்கு மேல லேஸ், அதுக்கும் மேல ஒரு பூ, அடியில் குட்டியா ஒரு மடிப்பு வெச்சு பூவைக் கொஞ்சம் தூக்கி நிறுத்துறது. புது டெக்னிக் மாதிரி தெரியும் இந்த வேலையை சுமார் 175 வருஷத்துக்கு முன்னாடியே அமெரிக்காவில் ஒரு இளம்பெண் செய்தார். தன் வீட்டு மாடியில் தோழிகளை உட்கார வைத்துச் செய்தார். அதை வைத்து ஒரு பெரிய வியாபாரத்தையே கட்டி எழுப்பினார்.

அவர் பெயர் எஸ்தர் ஹௌலண்ட். அமெரிக்கக் காதலர் தின அட்டைகளின் தாய் என்று பின்னாளில் அவருக்குப் பட்டம் கிடைத்தது. அந்தப் பட்டம் முழுக்கப் பொருந்துமா என்பதில் ஒரு சின்ன சர்ச்சை இருக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

புத்தகக் கடைக்காரரின் மகள்

எஸ்தர் பிறந்தது 1828 ஆகஸ்ட் 17. ஊர், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர். அப்பா சவுத்வொர்த் ஹௌலண்ட் அங்கே பெரிய அளவில் புத்தகமும் எழுதுபொருளும் விற்கும் கடை வைத்திருந்தார். அம்மா பெயரும் எஸ்தர்தான். சிக்கனமாக வீட்டை நடத்துவது எப்படி என்று சமையல் குறிப்புகளோடு அம்மா எழுதிய புத்தகம் 1840-களில் நன்றாக விற்றது. அதை வெளியிட்டது அப்பாவின் கடை.

வீட்டில் ஒருத்தர் தயாரிப்பார், இன்னொருத்தர் விற்பார். காகிதம், பசை, அச்சு, கணக்கு எல்லாம் சின்ன வயசிலிருந்தே எஸ்தரின் கண்ணெதிரே இருந்தன.

படிப்பு, மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்விக்கூடத்தில். பெண்களுக்கு உயர்கல்வி என்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், 1837-ல் மேரி லயன் தொடங்கிய இடம் அது. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. செலவைக் குறைக்க, மாணவிகளே வீட்டு வேலைகளைப் பங்கிட்டுச் செய்ய வேண்டும். ஒருத்திக்கு ரொட்டி, ஒருத்திக்குப் பாத்திரம், ஒருத்திக்குத் துணி என்று ஆளுக்கு ஒரு வேலை. பிற்காலத்தில் எஸ்தர் தன் மாடி அறையில் வேலையைப் பிரித்துக் கொடுத்த விதத்தைப் பார்க்கும்போது, இந்தப் பழக்கம்தான் விதையோ என்று தோன்றுகிறது. ஊகம்தான், ஆனால் பொருத்தமான ஊகம்.

எஸ்தர் 1847-ல் படிப்பை முடித்தார். அதே வருஷம்தான் கவிஞர் எமிலி டிக்கின்சன் அங்கே சேர்ந்தார். அடுத்த பிப்ரவரியில் மாணவிகள் வேலன்டைன் கடிதம் அனுப்பக் கூடாது என்று மேரி லயன் தடை போட்டார் என்பது டிக்கின்சனின் கடிதம் மூலம் தெரிகிறது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவர்தான் நாடு முழுக்க வேலன்டைன் அட்டை விற்கப் போகிறார்!

எல்லாம் ஆரம்பித்தது ஒரு அட்டையில்

படிப்பு முடிந்து வீடு திரும்பிய சமயம், அப்பாவோடு வியாபாரத் தொடர்பில் இருந்த ஒருவரிடமிருந்து எஸ்தருக்கு ஒரு வேலன்டைன் அட்டை வந்தது. இங்கிலாந்தில் செய்தது. ஓரம் முழுக்க லேஸ் வேலைப்பாடு, நடுவில் பூக்கள்.

அப்போது அமெரிக்காவில் இப்படிப்பட்ட அட்டைகள் இங்கிலாந்திலிருந்துதான் இறக்குமதியாகின. விலை அதிகம். சாதாரண ஜனங்கள் கையாலேயே ஏதாவது எழுதி, வரைந்து கொடுப்பார்கள்.

அட்டையை யார் அனுப்பினார், என்ன எண்ணத்தில் அனுப்பினார் என்பதில் எஸ்தரின் கவனம் போனதாகத் தெரியவில்லை. இதைவிட நன்றாக, இங்கேயே செய்ய முடியுமே என்பதுதான் அவருக்குத் தோன்றியது. அப்பாவிடம் சொல்லி இங்கிலாந்திலிருந்து லேஸ் பேப்பரும் பூப் படங்களும் வரவழைத்தார். மாதிரிக்கு ஒரு டஜன் அட்டைகள் செய்தார். கடைச் சரக்குக்கு ஆர்டர் பிடிக்க ஊர் ஊராகப் போகும் அண்ணன்-தம்பிகளில் ஒருவர், அந்த மாதிரிகளையும் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்.

200 டாலருக்கு ஆர்டர் வந்தால் போதும் என்பது எஸ்தரின் கணக்கு. வந்ததோ 5,000 டாலருக்கும் மேல். எதிர்பார்த்ததைப் போல 25 மடங்கு!

சந்தோஷம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இத்தனை அட்டையை யார் செய்வது? பிப்ரவரி 14-க்கு அப்புறம் கையில் இருக்கும் சரக்குக்கு மதிப்பே இல்லை. சொன்ன தேதிக்குள் கொடுக்கவில்லை என்றால் அப்பாவின் கடைப் பெயரும் சேர்ந்து கெடும்.

மாடி அறையில் என்ன நடந்தது?

எஸ்தர் தோழிகளைக் கூப்பிட்டார். வீட்டின் மூன்றாவது தளத்தில் நீளமான மேஜை போடப்பட்டது. ஒரு ஆள் ஒரு அட்டையை முழுசாகச் செய்வது என்ற முறையை அவர் வைக்கவில்லை. ஒருத்தர் படங்களை வெட்டிப் பிரிப்பார். ஒருத்தர் அடித்தாளைத் தயார் செய்வார். அடுத்தவர் லேஸை ஒட்டுவார், அதற்கடுத்தவர் பூக்களை வைப்பார். முதல் மாதிரியை எஸ்தர் செய்து வைப்பார், மற்றவர்கள் அதைப் பார்த்துச் செய்வார்கள். முடிந்த அட்டையைச் சரிபார்ப்பதும் எஸ்தர்தான்.

இதை அசெம்பிளி லைன் என்று பல கட்டுரைகள் சொல்கின்றன. ஹென்றி ஃபோர்டின் கார் தொழிற்சாலையில் நகரும் லைன் வந்தது 1913-ல். அந்த மாதிரி பெல்ட் எதுவும் இங்கே ஓடவில்லை. ஆனால் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கைமாற்றிக் கொண்டே போகும் யோசனை அதேதான்.

ஆர்டர் கூடியதும் மாடி அறை போதவில்லை. வீட்டிலிருந்தே வேலை செய்ய விரும்பும் பெண்களுக்கு ஒரு பெட்டி போகும். அதில் தேவையான பொருட்கள் எல்லாம் இருக்கும், பார்த்துச் செய்ய ஒரு மாதிரி அட்டையும் இருக்கும். சில நாள் கழித்து வண்டி வந்து முடிந்த அட்டைகளை வாங்கிப் போகும். கம்பித் தொழிற்சாலைகளும் இயந்திரப் பட்டறைகளும் நிறைந்த அந்த ஊரில், வெளியே போகாமல் கையில் காசு பார்க்கப் பெண்களுக்கு ஒரு வழி கிடைத்தது.

1850 பிப்ரவரியில் வூஸ்டர் டெய்லி ஸ்பை என்ற உள்ளூர்ப் பத்திரிகையில் அவருடைய முதல் விளம்பரம் வந்தது.

அட்டையில் அப்படி என்ன விசேஷம்?

இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் வியாபாரத்தின் ரகசியமே இதில்தான் இருக்கிறது.

முதலில் லேஸ் பேப்பர். இது நூலால் பின்னியது இல்லை, முழுக்கக் காகிதம். செதுக்கிய உலோக அச்சின் மேல் தாளை வைத்து அழுத்துவார்கள். பூவேலை மேடாக எழும்பும். மேடான இடங்களை மெல்லத் தேய்த்து எடுத்துவிட்டால் அங்கே ஓட்டை விழும். பார்த்தால் அசல் லேஸ் துணி. 1830-களில் லண்டனில் இந்த வித்தை வந்தது.

அடுத்தது வெட்டுப் படங்கள். ஸ்கிராப் என்று அந்தக் காலத்தில் பெயர். பூ, புறா, குழந்தை தேவதை போன்ற படங்களைக் கலரில் அச்சடித்து, பிஸ்கட் மாவை அச்சு வைத்து வெட்டுகிற மாதிரி, உருவத்தின் ஓரத்திலேயே டை வைத்து வெட்டுவார்கள். நிறைய படங்கள் குட்டிக் குட்டிக் காகிதப் பட்டைகளால் இணைந்து ஒரே தாளாக வரும். தேவையானதைப் பிரித்து எடுத்துக்கலாம். இதில் ஜெர்மன் அச்சகங்கள்தான் கில்லாடிகள். இன்று க்ராஃப்ட் கடையில் கிடைக்கும் டை கட் சமாச்சாரத்தின் பாட்டி இதுதான்.

இதெல்லாம் யாரும் காசு கொடுத்து வாங்கக் கூடிய பொருட்கள். எஸ்தரின் கை தெரிவது அடுக்குவதில். வெள்ளை லேஸுக்கு அடியில் பளபளப்பான சின்ன கலர்த் தாளை வைத்தார். லேஸ் ஓட்டைகள் வழியே சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கும். ஒரு லேஸின் மேல் இன்னொரு லேஸை ஒட்டும்போது நடுவில் மடித்த காகித ஸ்ப்ரிங் வைத்தார். அட்டை தட்டையாக இல்லாமல், சின்னப் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பது போல ஆழம் வந்துவிடும்.

இன்னொன்று கவிதை. முகப்பில் பெரிதாக அச்சடிக்காமல், சின்னச் சீட்டில் அச்சிட்டு உள்பக்கம் ஒட்டினார். இதில் இரண்டு லாபம். பெறுகிறவர் மட்டும் திறந்து படிக்கலாம். கடைக்காரருக்கோ, ஒரே அட்டையில் வேறு வேறு கவிதையை மாற்றி ஒட்டிக்கொள்ளலாம். 1879-ல் இதற்கென்றே 131 கவிதைகள் கொண்ட ஒரு புத்தகத்தை அவருடைய நிறுவனம் வெளியிட்டது. பிடித்த வரிகளைத் தேர்ந்தெடுத்து, அட்டையில் ஏற்கெனவே இருப்பதன் மேல் ஒட்டினால் முடிந்தது.

விலை? 5 சென்ட்டுக்கும் அட்டை உண்டு. பட்டும் லேஸும் வைத்த ஆடம்பர அட்டைகள் பல டாலர் வரை போகும்.

தபால் கட்டணமும் கைகொடுத்தது

எஸ்தரின் திறமை மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பாதிக் கதை. 1845-ல் அமெரிக்க அரசு தபால் கட்டணத்தைக் குறைத்தது. அரை அவுன்ஸ் கடிதம் 300 மைலுக்குள் போக 5 சென்ட், அதற்கு மேல் 10 சென்ட். 1847-ல் அந்நாட்டின் முதல் தேசிய தபால் தலைகள் வந்தன. 1851-ல் முன்கூட்டியே கட்டினால் 3 சென்ட் போதும் என்றானது. அட்டை அனுப்பும் செலவு இறங்கிய அதே வருஷங்களில்தான் எஸ்தரின் அட்டைகள் கடைக்கு வந்தன.

வியாபாரம் உச்சத்தில் இருந்தபோது வருஷத்துக்கு 1,00,000 டாலர் வரை விற்பனை நடந்ததாகச் சொல்லப்படுகிறது. திருமணமான பெண்ணின் சொத்தும் சம்பாத்தியமும் கணவனுக்கே என்ற பழைய சட்ட முறை அப்போதுதான் மாநிலம் மாநிலமாகத் தளர ஆரம்பித்திருந்தது. எஸ்தர் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. அதற்கான காரணத்தை அவர் எங்கேயும் சொல்லி வைத்ததாகத் தெரியவில்லை, ஆகவே கதை கட்ட வேண்டாம்.

1866-ல் முழங்காலில் பட்ட அடி அவரைச் சில காலம் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தது. வேலை நிற்கவில்லை. 1870-களில் எட்வர்ட் டாஃப்ட் என்பவருடன் கூட்டு சேர்ந்து நியூ இங்கிலாந்து வேலன்டைன் கம்பெனி என்ற பெயரில் தொழில் நடந்தது. 1879-ல் வீட்டை விட்டு வெளியே, தனிக் கட்டடத்துக்கு மாறினார்கள்.

உச்சத்தில் இருந்தபோது ஏன் விட்டார்?

1881-ல் எஸ்தர் எல்லாவற்றையும் விற்றுவிட்டார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கூட இருந்து கவனிக்க வேண்டும். 30 வருஷத்துக்கும் மேலாகக் கட்டிய தொழிலை விட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனார். மறு வருஷமே அப்பா இறந்தார்.

வீட்டில் ஆண் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனாலும் தொழிலை நிறுத்தியது மகள். அந்தக் காலத்தில் இது யாருக்கும் ஆச்சரியமாக இருந்திருக்காது.

வாங்கியவர் அதே ஊர்ப் போட்டியாளர் ஜார்ஜ் விட்னி. அவர் இயந்திரங்களைக் கொண்டுவந்து, அச்சையும் லேஸையும் சொந்தமாகவே தயாரித்தார். கையால் அடுக்கி ஒட்டும் வேலை குறைந்தது, விலையும் குறைந்தது. இரண்டாம் உலகப் போரின் காகிதத் தட்டுப்பாட்டில் 1942-ல் விட்னி கம்பெனியும் மூடப்பட்டது.

எஸ்தர் 1904 மார்ச் 15 அன்று, 75-வது வயதில், குவின்ஸி என்ற ஊரில் காலமானார்.

அந்தப் பட்டம் சரியா?

கூட்டாளி எட்வர்ட் டாஃப்டின் அப்பா ஜோதம் டாஃப்ட், பக்கத்து ஊரான கிராஃப்டனைச் சேர்ந்தவர். எஸ்தருக்கு முன்பே அவர் வேலன்டைன் அட்டை செய்து விற்றார் என்று சொல்பவர்கள் உண்டு. குடும்பத்தில் எதிர்ப்பு இருந்ததால் சத்தமில்லாமல் செய்தாராம். நியூயார்க்கிலும் அட்டை அச்சடித்தவர்கள் இருந்தார்கள். ஆக, முதல் ஆள் எஸ்தர்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. கைவேலையை இத்தனை பேரிடம் பிரித்துக் கொடுத்து, இத்தனை கடைகளுக்குக் கொண்டுபோனவர் அவர் என்பதில் சந்தேகம் இல்லை. 2001-ல் அமெரிக்க வாழ்த்து அட்டை சங்கம் அவர் பெயரில் ஒரு விருதையும் தொடங்கியது.

தன் அட்டைகளில் எஸ்தர் முழுப் பெயரைப் போட்டதில்லை. பின்பக்கம் சிவப்பில் ஹெச் என்ற ஒரே ஓர் ஆங்கில எழுத்து, பிற்காலத்தில் கம்பெனியின் சுருக்கப் பெயர், அவ்வளவுதான். அதுவும் எல்லா அட்டையிலும் இருக்காது. அதனால்தான் பழைய வேலன்டைன் அட்டை சேகரிப்பவர்கள், கையில் ஒன்று கிடைத்தால் முன்பக்கப் பூவைப் பார்த்த கையோடு திருப்பி, அந்தச் சிவப்பு எழுத்தையும் தேடுகிறார்கள்.