நாவலர் வகுத்துக்கொண்ட வரம்பு

மாதோட்டத்துப் பாலாவிக் கரையிலே திருக்கேதீச்சரப் பெருமானைத் தரிசித்துத் திரும்பும் நாம், அத்தலத்தை மீட்க வேண்டுமென்று 1872ஆம் ஆண்டிலே எழுதிய ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரை நன்றியோடு நினைத்தல் வேண்டும். ஐம்பத்தேழு வயது நிறையுமுன்பே மறைந்த ஒருவர் ஆசிரியராயும், உரையாசிரியராயும், பதிப்பாசிரியராயும், பிரசங்கியாயும் இத்தனை பணிகளை எவ்வாறு ஆற்றினார்? எழுத்திலும் கலையிலும் நாட்டமுடைய வாலிபர் ஆராய வேண்டிய கேள்வி இது.

நாவலர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் திகதி நல்லூரிலே பிறந்தார். தாம் பயின்ற யாழ்ப்பாணம் வெஸ்லியன் ஆங்கிலப் பாடசாலையிலேயே ஆசிரியரானார். பேர்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழாக்கத்துக்கும் துணைபுரிந்தார். பகற்பொழுது முழுவதும் பிறர் பணிக்கே உரியதாயிருந்த அந்நாளிலேதான், 1847 டிசம்பர் 31ஆம் திகதி வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். அன்று தொட்டு வெள்ளிதோறும் பிரசங்கம் நடைபெற்றது. உத்தியோகத்தை விட்டபின் தொண்டு தொடங்குவோம் என்று அவர் காத்திருக்கவில்லை. வாரத்தில் ஒரு மாலையை முதலில் தமதாக்கிக்கொண்டார்.

அந்த ஒரு மாலை போதாமற் போன போது, 1848ஆம் ஆண்டிலே வேலையைத் துறந்தார். அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். இல்லறத்தையும் அவர் மேற்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டிற் சென்னை சென்று அச்சியந்திரம் கொண்டுவந்தார்; அப்பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் பட்டம் வழங்கிற்று. ஏடுகளை ஒப்புநோக்கிப் பிழையறப் பதிப்பதென்பது அவசரக்காரருக்குரிய வேலையன்று. பெரியபுராண வசனமும், 1861ஆம் ஆண்டுத் திருக்குறட் பரிமேலழகருரைப் பதிப்பும், சிறுவர்க்கான பாலபாடங்களும் நாள்தோறும் இடையறாது செய்த உழைப்பின் பயன்கள்.

இத்துறவுக்கு விலை இல்லாமலில்லை. நிலையான வருவாயில்லாமையால் பாடசாலைக்கும் அச்சகத்துக்கும் பொருள் தேடி அலைய நேர்ந்தது. தொடங்கிய சில நூல்கள் முற்றுப்பெறாமலே நின்றன. ஆயினும் தாம் போட்ட வேலியைப் பசித்தவர்க்கு எதிராக அவர் அடைத்து வைக்கவில்லை. 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளுக்கு உணவளித்தார். பயிரைக் காப்பதற்கே வேலி; வழிப்போக்கரை விரட்டுவதற்கன்று என்பதை அவர் அறிந்திருந்தார்.

பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயரால் அழிவுற்ற திருக்கேதீச்சரம் மீள எழுந்ததைக் காண அவர் இருக்கவில்லை. 1879 டிசம்பர் 5ஆம் திகதி இறைவனடி சேர்ந்தார். கோயிற் காணி சைவர் கைக்கு வந்தது 1893ஆம் ஆண்டிலேதான். எழுதி வைத்த சொல், எழுதியவருக்குப் பின்னும் வேலை செய்தது.

நாவலரைப்போல் எல்லாவற்றையும் துறத்தல் எல்லோர்க்கும் இயலாது, வேண்டியதுமில்லை. தாய் தந்தையரைத் தாங்கும் கடமை நம்மிற் பலருக்குண்டு. கடற்றொழிலுக்குப் போகும் வாலிபனுக்கும், கந்தோரிலே எழுதும் வாலிபனுக்கும் ஓய்வு சொற்பமே. ஆயினும் வெள்ளி மாலை ஒன்றை ஒதுக்குதல் யாவர்க்கும் கூடும். அந்நேரத்தில் வீண் பேச்சுக்கு அழைப்பவரிடம் பணிவாக மறுப்புச் சொல்லவும், கைத்தொலைபேசியை அப்பால் வைக்கவும் பழகுவோம். நோயாளி ஒருவர் வாயிலில் நின்றால் ஏட்டை மூடிவிட்டு எழுவோம். அடுத்த வெள்ளி, விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். நாவலர் பெருமானுக்கு நாம் செலுத்தும் குருபூசை அதுவேயாகும்.