புரூம் தெருவின் தனிக் கட்டில்

நண்பர்களே, வெஸ்லி வில்லியம்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? நியூயார்க் தீயணைப்புத் துறையில் அது பெரிய பெயர். நம்ம பாடப்புத்தகத்தில் அவர் வரமாட்டார். ஆனா பரீட்சை, ரேங்க், வேலைன்னு ஓடிக்கிட்டிருக்கிற நமக்கு அவர் கதை தெரிஞ்சிருக்கணும்.

1897-ல் நியூயார்க்கில் பிறந்தவர். கறுப்பினத்தவர். அப்பா ஜேம்ஸ், கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் போர்ட்டர்களின் தலைவர். வெஸ்லி நல்ல பலசாலி, குத்துச்சண்டையும் தெரியும். தீயணைப்புத் துறையின் உடல்தகுதித் தேர்வில் நூற்றுக்கு நூறு எடுத்தார். 1919 ஜனவரி 10 அன்று மன்ஹாட்டன் புரூம் தெருவில் இருந்த 55-ஆம் எஞ்சின் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அவர் வந்த அன்றைக்கே நிலைய கேப்டன் ஓய்வு பெற்றுக் கிளம்பிவிட்டார். மற்ற அத்தனை பேரும் டிரான்ஸ்ஃபர் கேட்டார்கள். துறை ஒரு வருஷத்துக்கு யாரையும் விடவில்லை.

ஏன் இவ்வளவு எதிர்ப்பு? தீயணைப்பு நிலையம் வந்துட்டுப் போற ஆபீஸ் இல்லை. சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேயேதான், நம்ம ஹாஸ்டல் மாதிரி. கூட நின்று தீயை அணைக்கலாம், பக்கத்துக் கட்டிலில் மட்டும் படுக்கக் கூடாது! கறுப்பின வீரருக்குக் கழிப்பறை ஓரமாக ஒரு கட்டிலை ஒதுக்குவது அந்த ஊர் நிலையங்களில் வழக்கமாக இருந்தது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சட்டம் போட்டே மனிதர்களைப் பிரித்து வைத்திருந்தார்கள். நியூயார்க்கில் அதற்குச் சட்டம் தேவைப்படவில்லை, பழக்கமே போதுமானதாக இருந்தது. நமக்கு இது புதுசா என்ன? 1950-ல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. அதுக்கப்புறமும் தமிழ்நாட்டு டீக்கடைகளில் இரட்டை டம்ளர் இருந்தது.

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயைப் பார்த்த போடி, சிலமலைப் பக்கத்து ஆட்களுக்குத் தீயைப் பற்றி விளக்க வேண்டாம். காற்று திசை மாறினால் கூட நிற்கிறவரை நம்பித்தான் உயிர் இருக்கு. அப்படிப்பட்ட வேலையில் தன்னை வெறுக்கிறவர்களோடு வெஸ்லி புகைக்குள் போனார். சீண்டியவர்களோடு நிலையத்தின் கீழ்த்தளத்தில் சண்டையும் போட்டார். வேலையை மட்டும் விடவில்லை.

பதவி உயர்வுக்குத் தேர்வு உண்டு. உட்கார்ந்து படித்தார். 1927-ல் லெப்டினன்ட், 1934-ல் கேப்டன், 1938-ல் பட்டாலியன் சீஃப். அந்தத் துறையில் அதிகாரியான முதல் கறுப்பினத்தவர் அவர்தான். வெள்ளையர்கள் அவர் உத்தரவுக்குக் கீழே வேலை செய்தார்கள்.

அவர் மேலே போன பிறகும் மற்ற நிலையங்களில் தனிக் கட்டில் அப்படியே கிடந்தது. ஒருத்தர் எடுத்த மார்க் அதை நகர்த்தவில்லை. அதனால 1940-ல் மற்ற கறுப்பின வீரர்களோடு சேர்ந்து வல்கன் சொசைட்டியைத் தொடங்கினார். வல்கன் என்பது ரோமானியர்களின் தீக்கடவுள். தனிக் கட்டிலுக்கு எதிராக அந்தச் சங்கம் நகர நிர்வாகத்தோடு போராடியது. அது இன்றைக்கும் இயங்குகிறது.

வெஸ்லி 1952-ல் ஓய்வு பெற்றார், 1984-ல் காலமானார்.

இன்னும் சில மாசத்தில் நம்மில் பலர் வேலைக்குப் போகப்போறோம். புது ஊர், புது ரூம், புது டீம். அங்கே யாருக்காவது ஒரு கட்டிலோ தட்டோ தனியாக ஒதுங்கிக் கிடக்குதான்னு பாருங்க. கிடந்தா, முதல் நாளே கேளுங்க.