சிலேட்டில் கணக்குப் போட்ட கும்பகோணத்துக்காரர்

திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை வட்டாரத்தில் பொறியியல் படிக்கும் பிள்ளை இல்லாத தெரு இன்று குறைவு. வகைக்கெழுச் சமன்பாடுகள் என்றால் அவர்களில் பலருக்குப் பயம்தான். ஆனாலும் மேட்லாப், மேத்தமேட்டிகா போன்ற மென்பொருளில் சமன்பாட்டைத் தட்டினால் விடை வரைபடமாகவே வந்துவிடுகிறது. சமன்பாட்டைக் கண்டுபிடிப்பது யார்? இங்கிருந்து மன்னார்குடி வழியாகப் பேருந்தில் போய்விடக்கூடிய கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜனின் வாழ்க்கையை இந்தக் கேள்வியோடு பார்ப்போம்.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தவர். தந்தை கும்பகோணத்தில் துணிக்கடைக் கணக்கர். கணக்கில் காட்டிய ஆர்வத்தை மற்றப் பாடங்களில் காட்டாததால் கல்லூரி உதவித்தொகை பறிபோனது. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தேறவில்லை. காகிதம் வாங்க வசதியில்லாமல் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டார். இன்று நம் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் என்ன பெயர் வைத்திருப்போம் என்று நினைத்துப் பார்க்கலாம். நல்லவேளையாக நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தர் வேலை. மறு வருடம் ஹார்டிக்குக் கடிதம். 1914-ல் கேம்பிரிட்ஜ் பயணம்.

நாம் சொல்ல வந்தது 1916-ல் வெளியான அவருடைய ஒரு கட்டுரையைப் பற்றி.

வரப்பில் மடை வெட்டிய இரண்டு வயல்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நீர் ஏறும் வேகம் மற்றதில் நிற்கும் நீரைப் பொறுத்தது. இப்படி ஒன்றையொன்று சார்ந்து மாறுபவற்றைச் சொல்வதுதான் வகைக்கெழுச் சமன்பாட்டுத் தொகுதி. ராமானுஜன் எடுத்துக்கொண்டதோ வெறும் எண்கள். 6-ன் காரணிகள் 1, 2, 3, 6, கூட்டினால் 12. எல்லா எண்களுக்கும் இப்படிக் கூட்டி அமைத்த முடிவில்லாத் தொடர் ஒன்றுக்கு பி என்று பெயரிட்டார். காரணிகளின் மும்மடிகளைக் கூட்டி அமைத்தது க்யூ. ஐந்தாம் அடுக்குகளைக் கூட்டி அமைத்தது ஆர். இவற்றில் எது மாறும் வேகத்தையும் இந்த மூன்றைக் கொண்டே எழுதிவிடலாம், நான்காவது ஒன்று வேண்டாம் என்று காட்டினார்.

முதல் சமன்பாடு இது: பி-யின் மாற்ற வீதத்தை எக்ஸால் பெருக்கினால், பி-யின் வர்க்கத்திலிருந்து க்யூவைக் கழித்து 12-ஆல் வகுத்தது கிடைக்கும். தொடக்கத்தைச் சரிபார்க்கப் பேனாவே போதும். பி தொடங்குவது 1 - 24 எக்ஸ். அதன் வர்க்கம் 1 - 48 எக்ஸ். க்யூ தொடங்குவது 1 + 240 எக்ஸ். கழித்தால் -288 எக்ஸ். 12-ஆல் வகுத்தால் -24 எக்ஸ். இடப்பக்கமும் அதுவே. பிளஸ் டூ பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். மீதி உறுப்புகளை ஆயிரக்கணக்கில் மென்பொருள் நொடியில் சரிபார்த்துவிடும். ஆனால் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும்.

1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். உடல் நலிந்து 1919-ல் திரும்பியவர் 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் மறைந்தார். வயது 32.

1985-ல் பில் காஸ்பர் கணினியில் பை-யின் மதிப்பை 1 கோடியே 75 லட்சம் இலக்கங்கள் வரை கண்டது ராமானுஜனின் 1914-ஆம் ஆண்டுச் சூத்திரத்தை வைத்துத்தான். 1996-ல் ரஷ்யாவின் யூரி நெஸ்தெரென்கோ, பை-யும் இ-யின் பை அடுக்கும் எந்த இயற்கணிதச் சமன்பாட்டாலும் பிணைக்கப்படாதவை என்று நிறுவினார். அதற்கு அவர் கையில் எடுத்தது பி, க்யூ, ஆர் என்ற அந்த மூன்று சமன்பாடுகளை.