குதிரையும் காணிக்கையும்

கிறிஸ்தவத்தின் தொடக்கம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இரு தரப்பினர் எதிரெதிரே நிற்கக் காண்கிறேன். எழுதப்பட்டவை யாவும் அப்படியே நிகழ்ந்தவை என்பர் ஒரு தரப்பினர். யாவும் புனைவே என்பர் மறு தரப்பினர். சான்றுகளைத் தரம் பிரித்துப் பார்க்கும் உழைப்பை இருவருமே தவிர்த்துவிடுகின்றனர். அவ்வுழைப்பு எத்தகைய பயனைத் தரும் என்பதற்குப் பவுலின் வாழ்க்கை நல்லதோர் எடுத்துக்காட்டு.

பவுலை அறிய முதன்மையான சான்றுகள் இரண்டு. ஒன்று, அவருடைய கடிதங்கள். அவர் பெயரில் வழங்கும் 13 கடிதங்களுள் 7 அவரே எழுதியவை என்பதை ஆய்வாளர்கள் ஏறத்தாழ ஒருமனதாக ஏற்கின்றனர். மற்றொன்று, அப்போஸ்தலர் நடபடிகள் என்னும் நூல். அது பவுல் மறைந்து சில பத்தாண்டுகள் கழித்து எழுதப்பட்டது என்பது பெரும்பாலோர் கருத்து. மூலச் சீட்டும் பின்னாளில் எழுதிய அறிக்கையும் முரண்பட்டால் முதலில் சீட்டையே பார்க்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லி வந்தவன் நான். அந்நெறி இங்கும் பொருந்தும்.

தமஸ்குவுக்குச் செல்லும் வழியில் பவுல் குதிரையிலிருந்து விழுந்தார் என்பது பலரும் அறிந்த கதை. ஆனால், அந்நிகழ்ச்சியை மும்முறை விவரிக்கும் நடபடிகள் நூலில் ஓரிடத்திலும் குதிரை இல்லை. அது ஓவியர்கள் சேர்த்தது. உடன் சென்றோர் குரலைக் கேட்டனர் என்கிறது ஒரு விவரிப்பு. கேட்கவில்லை என்கிறது மற்றொன்று. மனம் மாறியதும் சவுல் என்ற பெயர் பவுல் ஆயிற்று என்பதற்கும் ஆதாரமில்லை. இரு பெயர்களும் அவருக்கு உண்டு என்று மட்டுமே அந்நூல் குறிப்பிடுகிறது.

இவற்றைக் களைந்த பின்னும் உறுதியான ஒரு மனிதர் எஞ்சுகிறார். இயேசுவைப் பின்பற்றியோரைத் துன்புறுத்தியவர். பின்னர் அவர்களுள் ஒருவரானவர். மூன்றாண்டுகள் கழித்து எருசலேமில் பேதுருவுடன் 15 நாள்கள் தங்கியவர். அந்தியோகியாவில் அதே பேதுருவை நேருக்கு நேர் எதிர்த்தவர். நடபடிகள் நூல் சொல்வதிலும் வரலாறு உண்டு. கொரிந்துவில் ஆளுநர் கல்லியோன் முன் பவுல் நிறுத்தப்பட்டதாக அது கூறுகிறது. டெல்பியில் கிடைத்த கல்வெட்டு, கல்லியோனின் பதவிக் காலத்தைக் கி.பி. 51, 52 ஆண்டுகளையொட்டி நிறுவுகிறது.

பொருளியல் படித்த என்னை மிகவும் ஈர்ப்பது அவர் திரட்டிய காணிக்கை. எருசலேமின் ஏழைகளுக்காகக் கிரேக்க நகரங்களில் பல ஆண்டுகள் அவர் நிதி சேர்த்தார். வாரத்தின் முதல் நாளில் அவரவர் வருவாய்க்கேற்ப ஒரு தொகையை எடுத்து வைக்கச் சொன்னார். பண விவகாரத்தில் பழி நேராதிருக்கச் சபைகள் தேர்ந்தெடுத்த ஒருவரையும் உடன் சேர்த்துக்கொண்டார். யூதரல்லாதார் தரும் பணத்தை எருசலேம் ஏற்குமோ என்ற அச்சம் அவருடைய ரோமர் கடிதத்தில் வெளிப்படுகிறது. நடபடிகள் நூலோ இம்முயற்சியை ஒரு வரியில் கடந்துவிடுகிறது. பணம் ஏற்கப்பட்டதாக எந்த ஏடும் சொல்லவில்லை.

எருசலேமில் கைதான பவுல் ரோமுக்கு அனுப்பப்பட்டார். நீரோ காலத்தில் தலை வெட்டப்பட்டு இறந்தார் என்பது மரபு. புதிய ஏற்பாடு அதைக் கூறவில்லை.

வரலாற்று ஆய்வு நம்பிக்கையைப் பறித்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். குதிரையை இழப்பதால் பவுல் சிறுத்துவிடவில்லை. இரு சமூகங்களை ஏழைகளின் பொருட்டு இணைக்க முயன்று, அதற்காகவே ஆபத்தான நகரத்துக்குத் திரும்பிச் சென்ற மனிதர் அந்த ஓவியத்துக்குப் பின்னால் மறைந்திருந்தார். அவரைக் காண்பதே இவ்வாய்வின் பயன்.