ரிச்சர்டு ஸ்டீவன்ஸ் சரித்திரம்

கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்துள்ள சோழகங்கம் என்னும் பொன்னேரியை வெட்டுவித்தோன் இராஜேந்திர சோழன் என்பதை அரியலூர், பெரம்பலூர்ச் சிறாரும் அறிவர். ஆயின், அதன் கரையையும் மதகையும் காத்து வந்தோர் யாவரென வினவின், ஒருவர் பெயரையேனும் கூறுவார் இலர். காப்போர் கை ஓய்ந்த காலத்து ஏரியும் தூர்ந்தது. ஆக்குதல் அரிது, ஆக்கியதைக் கெடாது காத்தல் அதனினும் அரிது. கணிப்பொறித் துறையில் அவ்விரண்டனையும் செய்த ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

வில்லியம் ரிச்சர்டு ஸ்டீவன்ஸ் 1951-ஆம் ஆண்டில், இன்று ஜாம்பியா எனப்படும் நாட்டிலுள்ள லுவான்ஷ்யா என்னும் செம்புச் சுரங்க ஊரில் பிறந்தார். சுண்ணாம்புக்கற் சுரங்கங்களினிடையே வளரும் அரியலூர் மாணவர்க்கு அவ்வூரின் இயல்பு எளிதில் விளங்கும். தந்தையார் செம்புத் தொழிலில் இருந்தமையின், குடும்பம் பல ஊர்களில் வாழ நேர்ந்தது. ஸ்டீவன்ஸ் அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையில் 1973-இல் விமானப் பொறியியற் பட்டமும், அரிசோனா சர்வகலாசாலையில் 1982-இல் டாக்டர் பட்டமும் பெற்றார். இடையே கிட் பீக் வானாராய்ச்சி நிலையத்தில் நிரல் எழுதுவோராய்ப் பணிபுரிந்தார். 1990-இல் யூனிக்ஸ் வலைப்பின்னல் நிரலாக்கம் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது.

அவர் எதிர்ப்பட்ட இடர் யாதெனக் காண்போம். கணிப்பொறிகள் பலவகை; அவற்றை இயக்கும் முறைகளும் பலவகை. ஓர் எண்ணின் பெரும்பகுதியைச் சில பொறிகள் முதலில் வைக்கும். சில பிற்பகுதியை முதலில் வைக்கும். இதனை உணராது இரண்டு பைட்டில் 1 என அனுப்பின், மறுமுனையில் அது 256 எனப் படிக்கப்படும். நூறு எழுத்துக் கேட்பின் நாற்பதே முதலில் வந்து சேர்தலும் உண்டு. இத்தகைய சிறு பிழை, தன் மேசைமேல் நன்கு ஓடிய நிரலைப் பிறிதோர் ஊரில் வீழ்த்திவிடும்.

இதற்கு மாற்றாக ஸ்டீவன்ஸ் தம் நூலுடன் சி மொழியில் ஒரு செயற்கூற்றுத் தொகுதியை அமைத்தார். கேட்ட அளவு முழுதும் வருமளவும் மீண்டும் மீண்டும் படிக்கும் செயற்கூறு அதில் ஒன்று. ஒவ்வொரு பணியும் நிறைவேறியதா என ஆராய்ந்து, பிழையெனின் அறிவித்து நிறுத்தும் உறைச் செயற்கூறுகளும் உள. அவற்றின் பெயர்களை ஆங்கிலப் பேரெழுத்தில் தொடங்கினார். நிரலைத் தொகுப்பதற்கு முன் அப்பொறியில் எவை உள, எவை இல எனத் தாமே ஆராயும் ஏற்பாட்டையும் சேர்த்தார். சோலாரிஸ், ஏ.ஐ.எக்ஸ்., எச்.பி.யூ.எக்ஸ்., லினக்ஸ் முதலிய பலவற்றிலும் தம் நிரல்களை ஓட்டிச் சோதித்தார். அவற்றை எவரும் எடுத்துப் பயன்படுத்துமாறு இலவசமாக வழங்கினார்.

நூலை எழுதியதோடு அவர் ஓய்ந்தாரல்லர். 32 பிட் முகவரி போதாமையின் 128 பிட் முகவரி வகுக்கப்பட்டது. உடனே பழைய நிரல்களைத் திருத்தி, இருவகை முகவரிக்கும் ஒருங்கே இயலுமாறு இரண்டாம் பதிப்பின் முதற்பகுதியை 1998-இல் வெளியிட்டார். அச்சுக்குரிய பக்கங்களையும் தாமே அமைத்தார். பிறர்க்கு விடத்தக்கதெனக் கருதப்படும் சிறுவேலையும் அவர்க்குத் தம் வேலையே.

1999 செப்டம்பர் முதல் நாள், 48-ஆம் வயதில் அவர் காலமானார். எழுதக் கருதியிருந்தவை எழுதப்பெறாது நின்றன. மறு ஆண்டில் யூஸ்னிக்ஸ் சங்கம் அவர்க்கு வாழ்நாட் சாதனை விருதை அளித்தது. அதனினும் பெரிய சிறப்பு ஒன்றுண்டு. பில் ஃபென்னர், ஆண்ட்ரூ ருடாஃப் என்னும் இருவர் அந்நிரல்களைப் புதிய பொறிகட்கேற்பத் திருத்தி மூன்றாம் பதிப்பைக் கொணர்ந்தனர். பிறர் கையில் எடுத்துத் தொடருமாறு தெளிவாக எழுதியிருந்தமையாலன்றோ அது கைகூடிற்று?

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளினின்று கணிப்பொறிக் கல்விக்கு வரும் நம் மாணவர் பலர்க்கும் புதியது படைக்கும் வேட்கை உண்டு. அது நன்றே. எனினும் பிறர் படைத்த ஒன்றன் பிழையைத் தேடித் திருத்துதலும், தாம் எழுதியதை நாளை வருவோர் படித்துணருமாறு எழுதுதலும் இழிந்த தொழில் அல்ல என்பதை இப்பெரியாரின் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது. மதகின் சிறு கசிவை இன்றே அடைப்பவனால் அன்றோ கடைமடை வயலும் விளைகின்றது!