கல்யாணத்தை நிறுத்திய கடிதம்: பரோடா இளவரசி இந்திராவின் திருமணத்துக்குப் பெற்றோர் ஏன் போகவில்லை?

அரச குடும்பத்துக் கல்யாணம் என்றாலே யார் வந்தாங்க, யார் வரலை என்று கணக்குப் பார்ப்பது இன்றைக்கும் நடக்கிறது. 1913-ல் லண்டனில் நடந்த ஓர் இந்திய அரசத் திருமணத்தில் அந்தக் கணக்கு ரொம்ப சுலபம். பெண் வீட்டிலிருந்து ஒருத்தர்கூட வரவில்லை.

மணப்பெண் பரோடா இளவரசி இந்திரா ராஜே. 1892-ல் பிறந்தவர். மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட், மகாராணி சிம்னாபாய் தம்பதிக்கு ஒரே மகள். அந்தக் காலத்திலேயே பரோடாவில் கல்லூரிக்குப் போய்ப் படித்த இளவரசி.

அப்பாவும் அம்மாவும் சாதாரணப் பழைமைவாதிகள் என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தைத் திருமணத்துக்கு எதிராக 1904-லேயே சட்டம் போட்டவர் சயாஜிராவ். கட்டாயத் தொடக்கக் கல்வி கொண்டுவந்தவர். அம்பேத்கர் அமெரிக்கா போய்ப் படிக்க உதவித்தொகை கொடுத்தது அவருடைய சமஸ்தானம்தான். அதுவும் இதே 1913-ல். சிம்னாபாயோ இந்தியப் பெண்களின் நிலை பற்றிப் புத்தகமே எழுதியவர். ஊருக்கு இவ்வளவு செய்தவர்கள் வீட்டில் மகள் விஷயத்தில் மட்டும் ஏன் அப்படி நடந்துகொண்டார்கள்? இந்தக் கதையில் சுவாரஸ்யமே அங்கேதான்.

நிச்சயித்தது குவாலியரோடு

இந்திராவுக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளை குவாலியர் மகாராஜா மாதவராவ் சிந்தியா. பரோடாவைப் போலவே 21 பீரங்கி முழங்கும் அந்தஸ்து. இரண்டுமே மராத்தா வம்சம். வெளியிலிருந்து பார்த்தால் இதைவிடப் பொருத்தம் இல்லை. ஆனால் மாப்பிள்ளை பெண்ணைவிட 16 வயது மூத்தவர். ஏற்கெனவே திருமணமானவர், குழந்தை இல்லை. குவாலியர் அரண்மனையில் பெண்கள் திரைக்குப் பின்னால்தான் வாழ வேண்டும். கல்லூரி போன பெண் இரண்டாவது மனைவியாக அங்கே போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

1911 டிசம்பரில் டெல்லியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தர்பார். நாட்டின் சமஸ்தானங்கள் எல்லாம் அங்கே கூடின. அங்கேதான் இந்திரா கூச் பெஹார் இளவரசர் ஜிதேந்திர நாராயணோடு பழகினார். ஜிதேந்திரா பட்டத்துக்கு உரியவர்கூட இல்லை, மகாராஜாவின் தம்பி. வங்காளத்துக்கு வடக்கே உள்ள கூச் பெஹாருக்கு 13 பீரங்கி மரியாதைதான்.

ஊர் திரும்பிய இந்திரா யாரிடமும் சொல்லாமல் ஒரு வேலை செய்தார். கல்யாணத்தில் தனக்கு விருப்பமில்லை என்று சிந்தியாவுக்கே நேராகக் கடிதம் எழுதிப் போட்டுவிட்டார். இளவரசியின் கடிதத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டு குவாலியரிலிருந்து தந்தி வந்தபோதுதான் பெற்றோருக்கு விஷயமே தெரிந்தது.

நேரமும் ரொம்ப மோசம். அதே தர்பாரில் சயாஜிராவ் மன்னருக்குச் சரியாக வணக்கம் வைக்கவில்லை, முதுகைக் காட்டித் திரும்பி நடந்தார் என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் அவரைப் பிடித்துக் கொதித்துக்கொண்டிருந்தன. விளக்கம் எழுதிக் கொடுக்கும் நிலைமை. அரசியலில் ஒரு தலைவலி, வீட்டில் இன்னொன்று. இந்தியாவின் பெரிய சமஸ்தானங்களில் ஒன்றை அவமானப்படுத்திய கெட்ட பெயரும் சேர்ந்துகொண்டது.

கூச் பெஹார் என்றால் ஏன் கசந்தது?

அந்தஸ்து, சாதி, மொழி எல்லாமே வேறு. மதப் பழக்கமும் வேறு. ஜிதேந்திராவின் அம்மா சுனிதி தேவி, பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ் சந்திர சென்னின் மகள். 1878-ல் 14 வயதுகூட நிரம்பாத அவரைக் கூச் பெஹார் மன்னருக்குக் கட்டிக்கொடுத்ததால்தான் பிரம்ம சமாஜமே உடைந்து, சாதாரண பிரம்ம சமாஜம் என்று தனி அமைப்பு உருவானது. ஆக, கல்யாணத்தால் வந்த சண்டை அந்தக் குடும்பத்துக்குப் புதிதில்லை. போதாததற்கு, கூச் பெஹார்க்காரர்கள் மேல்நாட்டுப் பாணியில், விருந்தும் கொண்டாட்டமுமாக வாழ்கிறவர்கள் என்ற பேச்சும் இருந்தது.

மகளைக் கண்காணிப்பில் வைத்தார்கள், ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார்கள். மறுபக்கம் ரகசியக் கடிதங்கள் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் பெற்றோர் கொடுத்தது சம்மதம் என்று சொல்ல முடியாது. வீட்டை விட்டுக் கிளம்பி, லண்டன் போய்க் கட்டிக்கொள் என்றார்கள். ஓடிப்போய்விட்டாள் என்று ஊர் பேசக்கூடாது, தாங்கள் நின்று நடத்தி வைத்ததாகவும் இருக்கக்கூடாது. என் பார்வையில், கோபத்தைவிட மானக் கணக்குதான் இதில் அதிகம். பிரம்ம சமாஜ முறைப்படி திருமணம் நடந்தது.

கல்யாணச் சூடு ஆறுவதற்குள், 1913 செப்டம்பரில் ஜிதேந்திராவின் அண்ணன் ராஜ ராஜேந்திரா இறந்தார். தம்பியின் மனைவியாகப் போன இந்திரா கூச் பெஹார் மகாராணி ஆனார்.

சிந்தியா வேறு திருமணம் செய்துகொண்டார். அதில் பிறந்த ஜீவாஜிராவின் பேரன்தான் இன்றைய அரசியல்வாதி ஜோதிராதித்ய சிந்தியா. அந்தக் கடிதம் போகாமல் இருந்திருந்தால் குவாலியர் வம்சாவளியே வேறு மாதிரி போயிருக்கும்.

30 வயதில் எல்லாம் தலைமேல்

ஐந்து குழந்தைகள் பிறந்தன. ஆனால் வாழ்க்கை நீளவில்லை. 1922 டிசம்பரில் ஜிதேந்திரா லண்டனில் இறந்தபோது அவருக்கு வயது 36, இந்திராவுக்கு 30. மூத்த மகன் ஜகத்தீபேந்திரா சின்னப் பையன். மகன் ஆட்சிப் பொறுப்பை ஏற்கும்வரை, 1936 வரைக்கும், சமஸ்தானத்தை நடத்தியது இந்திராதான்.

பரோடாவோடு இருந்த விரிசலும் மெல்ல மெல்ல அடைந்தது. பேரப்பிள்ளைகள் தாத்தா வீட்டுக்குப் போய் வந்தார்கள். குட்டி வெள்ளி சைக்கிள் ஓட்டும் பரோடா கிளிகளைப் பார்த்ததைப் பேத்தி காயத்ரி தேவி தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

இந்திராவின் பெயர் ஃபேஷன் உலகத்திலும் நின்றது. வெள்ளைப் புடவையோடு ஒதுங்கியிருக்க வேண்டிய விதவை என்ற எதிர்பார்ப்பை ஓரங்கட்டி, பிரெஞ்சு ஷிஃபான் துணியில் புடவை கட்டி அதை இந்தியாவில் பிரபலமாக்கினார். இத்தாலியின் ஃபெர்ரகாமோவிடம் காலணிகள் செய்யச் சொல்லி வாங்கினார்.

அப்புறம் அவர் மகள் முறை வந்தது. காயத்ரி காதலித்தது ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் மான்சிங்கை. அவருக்கு ஏற்கெனவே இரண்டு மனைவிகள். அரண்மனையில் திரை முறையும் உண்டு. எதை வேண்டாமென்று தான் உதறிவிட்டு வந்தாரோ, மகள் அதே மாதிரியான இடத்துக்குப் போக ஆசைப்பட்டாள். இந்திரா தயங்கினார், காத்திருக்கச் சொன்னார். ஆனால் வீட்டை விட்டு அனுப்பவில்லை. 1940 மே மாதம் கூச் பெஹாரில் தன் வீட்டிலேயே கல்யாணத்தை நடத்திக்கொடுத்தார். சயாஜிராவ் அதைப் பார்க்க இல்லை. முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

1968 செப்டம்பரில் பம்பாயில் இந்திரா காலமானார். காயத்ரி தேவி அப்போது நம்ம ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சியின் ஜெய்ப்பூர் எம்.பி.